விமானம் ஓட்டக் கற்கிறேன், ஏறினாலே வாந்தி வருகிறது. படிப்பை விட்டுவிடவா?

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 21 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர், ஊர், படிக்கும் பயிற்சிப் பள்ளி எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. கடிதத்தின் சாரம் மட்டும்:

அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். விடியும் முன்னே பறித்த பூவை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். சின்ன வயதில் கூடவே வந்த மகளுக்கு, செக்கானூரணி தாண்டுவதற்குள் ஒருமுறையாவது வாந்தி வந்துவிடும். அதே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்து, பைலட் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்பா நிலத்தில் ஒரு பகுதியை அடமானம் வைத்து வெளிமாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார். இதுவரை 18 மணி நேரம் பறந்திருக்கிறார். ஒருமுறை ஏறிப் பறந்து இறங்குவதைத்தான் சார்ட்டி என்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட சார்ட்டிகளில் வாந்தி. "உனக்கு இது ஒத்துவராது போலிருக்கிறது" என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விடுதித் தோழி ஒருத்தி கொடுத்த அவோமின் என்ற பயணக் குமட்டல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று சார்ட்டி போயிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். வாந்தி வரவில்லை. ஆனால் மூன்றாவது நாள் ரேடியோவில் தன்னைக் கூப்பிட்டது காதில் விழாமல் போனதாக எழுதுகிறார்.

இப்போது மூன்று வாரம் விடுமுறை, வீட்டில் இருக்கிறார். கண்ணேறு பட்டிருக்கிறது என்று அம்மா பாண்டி கோயிலுக்கு நேர்ந்திருக்கிறார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார் பெரியப்பா. மகளின் கேள்விகள் நான்கு. காதில் ஏதாவது கோளாறா? மாத்திரையைத் தொடரலாமா? அடுத்து வரப்போகும் க்ளாஸ் ஒன் மெடிக்கலில், அதாவது வணிக விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில், இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? பேசாமல் படிப்பையே விட்டுவிடுவது நல்லதா?

அன்புள்ள மகளுக்கு,

வாந்தி வந்ததால் மட்டும் நீங்கள் படிப்பை விட வேண்டியதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் வாந்தியைப் பற்றி எழுதிய பக்கங்களை நான் பதற்றமில்லாமல்தான் படித்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு பறந்தேன் என்ற இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அதற்கு முன் உங்கள் காதைப் பற்றிப் பேசிவிடுவோம்.

உங்கள் காது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லையா? உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாய் திரும்பிவிடும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று தெரிந்துகொள்கிறது. ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும், சுற்றும் உணர்வு மங்கிவிடும். நின்றதும் குழாய் நின்றுவிடும், திரவம் நிற்காது. அதுதான் அந்தக் கிறுகிறுப்பு. இதைத் தவிர நேர்கோட்டு அசைவையும் சாய்வையும் அறிய, சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய இரண்டு சின்னப் பைகளும் உள்காதில் உண்டு.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது காது ஒன்று சொல்கிறது. காக்பிட்டுக்குள் மீட்டரைப் பார்க்கிற கண் "எல்லாம் நின்ற இடத்தில்தான் இருக்கிறது" என்கிறது. ஸ்டீப் டர்னில் 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் உடம்பின் எடை இரண்டு மடங்காக அழுத்தும். அதை முதுகும் தொடையும் உணர்கின்றன. மூன்று பேர் மூன்று விதமாகச் சாட்சி சொன்னால் மூளை குழம்பத்தான் செய்யும். அந்தக் குழப்பம்தான் குமட்டலாக வெளியே வருகிறது.

காது கெட்டுப்போனதால் இது வருவதில்லை. உள்காதின் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் முழுக்கச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டலே வராது. உங்களுக்கு வருகிறது என்றால் அந்த உறுப்பு விழிப்பாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். 1961 ஆகஸ்டில் வோஸ்டாக்-2 கலத்தில் பூமியை 17 முறை சுற்றிய கெர்மன் டிட்டோவ் ஒரு போர் விமானி. விண்வெளியில் முதன்முதலாகக் குமட்டலுக்கும் வாந்திக்கும் ஆளானவர் அவர். உடல் பலமில்லாதவர் என்று அவரை யாராவது சொல்ல முடியுமா?

பெரியப்பா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பெண்களுக்குப் பயணக் குமட்டல் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. மாதவிடாய் நாட்களை ஒட்டிச் சிலருக்கு இன்னும் கூடும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடும். ஆனால் பழக்கத்தால் அடங்குவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலத்தான். அம்மாவின் நேர்த்திக்கடனை நான் தடுக்கவில்லை. பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், கூடவே நான் கீழே சொல்லும் பயிற்சியையும் செய்யுங்கள்.

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனவை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கடைசி சீட்டில் இருப்பவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். அதே வளைவு, அதே குலுக்கல். டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும், திருப்புவதும் அவர் கைதான். எதிர்பார்த்து நடக்கிற அசைவு மூளையைக் குழப்பாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது.

ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் சர்க்யூட் பயிற்சியில், நீங்களே ஓட்டிய நாட்களில், ஒரே ஒரு முறைதான் வாந்தி. சக மாணவர் ஓட்டும்போது பின் சீட்டில் உட்கார்ந்து கவனித்த நாட்களிலும், இன்ஸ்ட்ரக்டர் ஸ்டீப் டர்ன் செய்து காட்டிய நாட்களிலும்தான் மற்றதெல்லாம். இது கொடைக்கானல் பஸ் கதையேதான்.

இரண்டாவது, ஏழாவது எட்டாவது மணி நேரத்தில் "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் மழையும் விமானப் பழுதும் சேர்ந்து ஆறு வாரம் பறக்கவே இல்லை. திரும்ப ஏறியபோது முதல் நாள் மாதிரியே ஆகிவிட்டது என்று மனம் உடைந்திருக்கிறீர்கள். மூளை அசைவைப் பழகிக்கொள்ளும், இடைவெளி விட்டால் பழகியதில் ஒரு பகுதி போய்விடும். உங்கள் உடம்பு பழகத் தொடங்கியிருந்தது. இடைவெளிதான் அதைக் கெடுத்தது. உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளாததற்கு இதுவே காரணம். 18 மணி நேரம் என்றாலும் அது தொடர்ச்சியான 18 மணி நேரம் இல்லையே.

மூன்றாவது, பெட்ரோல் வாடை. கதவைத் திறந்து ஏறும்போதே வயிற்றைப் புரட்டுகிறது என்கிறீர்கள். பூ வண்டியில் போன காலத்திலிருந்து மல்லிகை வாசனைக்கே உங்களுக்குக் குமட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாசனையோடு வாந்தியைச் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது மூளையின் இயல்பு. அங்கே மல்லிகை, இங்கே பெட்ரோல். பறக்காத நாட்களிலும் விமானத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், காக்பிட்டில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஒன்றும் ஆகாமல் இறங்குகிற ஒவ்வொரு முறையும் அந்த ஞாபகம் கொஞ்சம் தளரும்.

அந்த மாத்திரை

அவோமின் என்பது புரோமெத்தசின் என்ற பழைய வகை ஒவ்வாமை மருந்தின் ஒரு வடிவம். கொடைக்கானல் போகிற பயணிக்கு நல்ல மருந்துதான், நானே எழுதிக் கொடுக்கிறேன். பயணி தூங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. விமானத்தை ஓட்டுகிறவருக்கு அது விஷயமே வேறு. தூக்கம், கவனக் குறைவு, மங்கலான பார்வை, கை கால் எதிர்வினையில் தாமதம் எல்லாம் வரும். உடம்பை விட்டு இது மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் மறுநாளும் மந்தம் இருக்கலாம். தூக்கம் வருவதாகவே தோன்றாதவர்களுக்கும் வேகமும் கவனமும் குறைந்திருக்கும், அது அவர்களுக்கே தெரியாது. ரேடியோவில் உங்களைக் கூப்பிட்டது காதில் விழாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அன்று பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். தனியாகப் பறக்கும் சோலோவில் அந்த சீட் காலியாக இருக்கும்.

சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மற்ற பயண மாத்திரைகளுக்கும் இதே பிரச்சினை. தூக்கம் தராது என்று யாராவது ஆன்டான்செட்ரான் வாங்கிக் கொடுக்கலாம். அது மற்ற காரணங்களால் வரும் வாந்திக்குக் கேட்கும், பயணக் குமட்டலுக்குப் பெரிதாகப் பயன் தராது. சில விமானப்படைகளில் தொடக்க சார்ட்டிகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதுண்டு. அது விமான மருத்துவர் எழுதிக் கொடுத்து, இன்ஸ்ட்ரக்டருக்குத் தெரிந்து, அவரும் உடன் பறக்கும்போது நடப்பது. தோழி கொடுத்த பட்டையிலிருந்து பிரித்துப் போடுவது அந்தக் கணக்கில் சேராது.

இஞ்சி மரப்பா வாயில் அடக்கிக்கொள்ளலாம். பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்காது, கெடுதல் இல்லை.

இந்த மூன்று வாரம் வீட்டில்

ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் உள்காதின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914-க்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரில் உள்ள சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இன்றும் குமட்டல் வரும் விமானப்படைப் பயிற்சியாளர்களைப் பழக்குகிறார்கள். அதன் எளிய வடிவத்தை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். சுழலும் ஆபீஸ் நாற்காலி ஒன்று போதும். பக்கத்தில் அம்மாவோ தம்பியோ இருக்கட்டும்.

முதல் வாரம், கண்ணைத் திறந்துகொண்டு, தலையை அசைக்காமல், மெதுவாக 20 விநாடி ஒரு பக்கம். ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு மறு பக்கம். இப்படி ஐந்து முறை, காலையும் மாலையும். குமட்டலுக்கு 0 முதல் 10 வரை நீங்களே மார்க் போடுங்கள். 4 வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வாந்தி வரும் வரை தாங்கிக்கொள்வது பயிற்சி ஆகாது, நாற்காலியைப் பார்த்தாலே குமட்டும் நிலைக்குத்தான் கொண்டுபோய் விடும். இரண்டாவது வாரம், சுற்றும்போது தலையை மெதுவாகக் குனிந்து நிமிருங்கள். இது கடினமாக இருக்கும். திருப்பத்தில் இருக்கும்போது தலையைக் குனிந்து செக்லிஸ்ட் எடுப்பதும் இதே அசைவுதான், அதனால்தான் இதைப் பழக வேண்டும். மூன்றாவது வாரம் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இதோடு மூச்சுப் பயிற்சி. வயிறு மேலெழும்படி மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. சீரான மூச்சு குமட்டலைத் தள்ளிப்போடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வாருங்கள். முன் சீட்டில் உட்கார்ந்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, தூரத்தில் தெரியும் நாகமலையைப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள். நாளை விமானத்தில் அடிவானத்தைப் பார்க்கப்போகிற பழக்கம் இது. பழகியதும் ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் போங்கள்.

திரும்பிப் போன பிறகு

முதல் வேலை, இன்ஸ்ட்ரக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்வது. திட்டுவார், திட்டட்டும். சொன்ன பிறகு மூன்று கோரிக்கை வையுங்கள். முதல் பத்து நாள் தினமும் பறக்க வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கட்டுப்பாடு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பின் சீட் கவனிப்பு இப்போதைக்கு வேண்டாம். இது சலுகை கேட்பதாகாது, இந்தப் பிரச்சினைக்கு எந்த அனுபவசாலியும் சொல்லும் வழி இதுதான். வாய்மொழியாக மறுத்தால், தலைமைப் பயிற்சியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். என் கடிதம் ஒன்று உதவும் என்றால் தருகிறேன்.

காலை முதல் ஸ்லாட்டைக் கேளுங்கள். மதியம் மதுரை ஆனைமலைக்கு மேலே பருந்துகள் இறக்கையடிக்காமல் வட்டமடித்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து எழும்பும் சூடான காற்று அவற்றைத் தூக்குகிறது. அதே காற்றுதான் உங்கள் சின்ன விமானத்தையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. விடிந்து கொஞ்ச நேரம் வரை அந்தக் குலுக்கல் இருக்காது.

வெறும் வயிற்றோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். காலி வயிறும் குமட்டலைக் கூட்டும், சோர்வையும் தரும். ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள எண்ணெய் இல்லாமல். தண்ணீர் போதுமான அளவு. முந்தைய இரவு நல்ல தூக்கம்.

மேலே போனதும் காற்று வரும் துவாரத்தை முகத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். பார்வை வெளியே, அடிவானத்தில். மீட்டர்களை ஒரு பார்வை, மறுபடி வெளியே. திருப்பத்தின் நடுவில் குனியாதீர்கள். மார்க் 4 வந்தால் "கொஞ்சம் நேராகப் போகலாமா சார்" என்று கேட்டு, நேராக, மட்டமாக இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். 6 வந்தால் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். பை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில். பை இருக்கிறது என்ற நிம்மதிக்கே பாதிப் பயம் போகும்.

சளி பிடித்திருக்கும் நாளில் பறக்க வேண்டாம். இறங்கும்போது காது அடைத்து வலிப்பது வேறு பிரச்சினை, குமட்டலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மெடிக்கலில் என்ன சொல்வது

உண்மையை. கேட்கிற கேள்விக்கு நேரான பதிலை. பயிற்சியின் தொடக்கத்தில் குமட்டல் வந்தது, மருந்தில்லாமல் இப்போது அடங்கியிருக்கிறது என்பது தகுதியை இழக்கச் செய்கிற விஷயமாக இருப்பது அரிது. பரிசோதகர்கள் தேடுவது உள்காது நோய், காரணமில்லாத தலைசுற்றல், நினைவு தப்புவது, மருந்தை நம்பி ஓட்டும் நிலை போன்றவற்றை. மறைத்து, பிறகு அது வெளியே வந்தால்தான் உரிமத்துக்கே ஆபத்து. விமானிக்கு மருத்துவச் சான்றிதழ் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. இன்று ஒரு பொய் சொன்னால் வேலையில் இருக்கும் காலம் முழுக்க அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அதற்கு முன் ஒருமுறை காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தரையில், அசையாமல் இருக்கும்போதே தலை சுற்றுகிறதா? படுக்கையில் புரளும்போது? ஒரு காது மட்டும் கேட்பது குறைகிறதா, இரைச்சல் இருக்கிறதா, சீழ் வருகிறதா? வாந்தியோடு ஒரு பக்கத் தலைவலி, வெளிச்சம் பட்டால் கூச்சம்? இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் மேலே எழுதியதெல்லாம் அப்புறம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். தொடர்ச்சியாக 15, 20 சார்ட்டி, மருந்தில்லாமல், ஒவ்வொன்றுக்கும் மார்க் எழுதிய ஒரு நோட்டு. அந்த நோட்டு இறங்குமுகம் காட்டினால் தொடருங்கள். கொஞ்சமும் மாறாமல் 8-லும் 9-லுமே நின்றால், விமான மருத்துவம் படித்த ஒருவரைப் பாருங்கள். அங்கேயும் பலன் இல்லை என்று ஆகிறவர்கள் சிலர் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அப்படியானால் மேலும் கடன் வாங்காமல் நிறுத்துவதே அப்பாவுக்கு நீங்கள் செய்யும் நல்லது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும், செலவின் பெரும்பகுதி இன்னும் முன்னால்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கை 40 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

இதை அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். பூ வண்டியில் வாந்தி எடுத்த பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த நாளும் கூட்டிக்கொண்டு போனவர் அவர். கேட்டால் புரிந்துகொள்வார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்குத் தோன்றுகிறது. மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டையை ஊருக்குப் போகும் பையில் வைக்காதீர்கள். முதல் பத்து சார்ட்டி முடிந்ததும் அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.